ரோஸ்ட் பீஃப் எந்த ஊர் மாடு?

லண்டனில் எந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் இறைச்சிப் பகுதியில் ஒரு தொடைக்கறி பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், மாட்டின் ஜாதகமே அச்சாகியிருக்கும். கன்று பிறந்த நாடு, வளர்ந்த நாடு, அறுத்த நாடு, அறுத்த கூடத்தின் உரிம எண், துண்டு போட்ட இடம், சந்தேகம் வந்தால் எந்த மாடு அல்லது எந்த மாட்டுக் கூட்டம் என்று பின்னோக்கித் தேடிப் போக ஓர் அடையாள எண். எல்லாம் ஒரே நாட்டில் நடந்திருந்தால் அந்த நாட்டின் பெயரை ஒருமுறை போட்டால் போதும். கடைக்காரர் பெரிய மனது வைத்து எழுதும் விவரமில்லை இது. சட்டம் எழுதச் சொல்கிறது.

அதே கடையில் நாலு எட்டு நடந்தால் சாண்ட்விச் அலமாரி. அங்கே அதே தொடைக்கறி வெந்து, மெல்லிய துண்டுகளாகி, ரொட்டிக்குள் இருக்கிறது. கடுகு சேர்ந்திருக்கிறதா, பால் பொருள் உண்டா, எத்தனை கலோரி, எவ்வளவு உப்பு என்று பொடி எழுத்தில் வரிவரியாக விவரம். மாடு எந்த நாட்டது என்பதை மட்டும் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய கடைகள் பல தாமாகவே எழுதுகின்றன. எழுதாவிட்டால் கேட்பாரில்லை. தெருமுனை பப்பில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பரிமாறும் ரோஸ்ட் பீஃபுக்கும், பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் போடும் சாப்பாட்டுக்கும் இதே கதைதான்.

கறி பச்சையாக இருக்கும்வரை ஊர்ப்பெயர் கட்டாயம், அடுப்பில் ஏறி இறங்கிவிட்டால் அவரவர் விருப்பம் என்ற இந்த ஏற்பாட்டுக்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. பிரிட்டன் இதைத் திருத்த வேண்டும். மாட்டிறைச்சி என்றாலே நம் நாட்டில் பேச்சு மதத்துக்கும் சாதிக்கும் போய்விடும். சாப்பிடலாமா, கூடாதா என்பதோடு விவாதம் முடிந்துவிடும். பிரிட்டனில் கேள்வி அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. சாப்பிடுவதென்று முடிவு செய்துவிட்டவருக்குத் தாம் சாப்பிடுவது என்னவென்று தெரிய வேண்டாமா?

முதலில் பண்டத்தைப் பார்த்துவிடலாம். ரோஸ்ட் பீஃபில் மசாலாவும் கிடையாது, குழம்பில் கொதிக்கும் வேலையும் கிடையாது. ஒன்றரை, இரண்டு கிலோ எடையில் ஒற்றைத் துண்டு, உப்பு, மிளகு, நெருப்பு. கறியின் குறையை மறைக்க வேறெதுவும் இல்லாததால், மாட்டின் எந்த இடத்துக் கறி என்பதுதான் ருசியைத் தீர்மானிக்கிறது. மாடு அதிகம் அசைக்காத தசை மென்மையாக இருக்கும். முதுகெலும்பை ஒட்டிய விலாப் பகுதியில் வெட்டும் ஃபோர்ரிப், அதற்குப் பின்னால் இடுப்பை நோக்கிப் போகும் சர்லாயின் இரண்டும் விலை கூடியவை. விருந்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாங்குபவை. நடந்து நடந்து உரமேறிய பின்னந்தொடையின் உட்புறம் டாப்ஸைடு, வெளிப்புறம் சில்வர்ஸைடு. இவற்றில் கொழுப்பு குறைவு, விலையும் குறைவு. சாதாரண வீடுகளின் ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் அநேகமாக இவைதான்.

அறுத்த கையோடு அடுப்பில் ஏற்றுவதில்லை. நல்ல கறிக்கடைக்காரர் குளிர் அறையில் மூன்று நான்கு வாரம் தொங்கவிடுவார். தசைக்குள்ளேயே இருக்கும் நொதிகள் அதற்குள் நாரைத் தளர்த்திவிடும். ஈரம் வற்றி ருசி திரளும். பிறகு 220 டிகிரி சூட்டில் முதல் இருபது நிமிடம், மேலே பழுப்பேறியதும் சூட்டைக் குறைத்து 160, 170 டிகிரியில் மீதி நேரம். அந்தப் பழுப்புக்கும் வாசனைக்கும் காரணமான வேதிவினையை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார். அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. கறியின் நடுப்பகுதி 52 முதல் 55 டிகிரியைத் தொட்டதும் வெளியே எடுத்து அரை மணி நேரம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்காக அரிகிறார்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நன்றாக வெந்த கறியே பழகிய நம் கண்ணுக்கு அது ரத்தமாகத் தெரியும். ரத்தம் அறுக்கும் கூடத்திலேயே வடிந்துவிடுகிறது. தட்டில் கசிவது மயோகுளோபின் என்ற தசைப் புரதம் கலந்த நீர்.

கூடவே வருவது யார்க்ஷயர் புட்டிங். மாவு, முட்டை, பால் மூன்றையும் கரைத்து, சூடான கொழுப்பில் ஊற்றிப் பொங்கவிட்ட பண்டம். ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே இதன் செய்முறை இருக்கிறது. கறி விலை கட்டுப்படியாகாத வீடுகளில் முதலில் இதைப் பரிமாறிப் பசியைப் பாதி அடக்கிவிட்டு, அப்புறம்தான் கறித்தட்டை எடுத்து வருவார்கள்.

ஓவனுக்குள் வைப்பது பின்னாளில் வந்த வழக்கம். அதற்கு முன் ரோஸ்ட் என்றால் எரியும் நெருப்பின் முன்னால் இரும்புக் கம்பியில் கோத்து மணிக்கணக்கில் சுழற்றுவது. அந்த வேலைக்கென்றே இங்கிலாந்தில் நாய் பழக்கினார்கள். சுவரில் உயரத்தில் பொருத்திய மரச் சக்கரத்துக்குள் குட்டைக்கால் நாய் ஓட ஓடக் கீழே கம்பி சுழலும். ஆங்கில நாய்களைப் பற்றி 1576இல் வந்த நூலிலேயே இந்த நாய் இடம்பெற்றிருக்கிறது. கடிகாரப் பொறியில் சுழலும் கம்பி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் நாய்க்கு வேலை போயிற்று, போகப் போக இனமே அற்றுப்போனது. பாடம் செய்த ஒரு நாய் மட்டும் வேல்ஸில் அபர்கவென்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இத்தனை பாடுபட்டுச் சமைத்த பண்டத்தை ஆங்கிலேயர் தேசியக் கொடிக்கு நிகராகத் தூக்கிப் பிடித்தார்கள். ஹென்றி ஃபீல்டிங் 1731இல் எழுதிய நாடகம் ஒன்றில் பழைய இங்கிலாந்தின் ரோஸ்ட் பீஃபைப் போற்றும் பாடல் வந்தது. நாடகம் மறந்துபோயிற்று, பாட்டு நின்றுவிட்டது. 1748இல் ஓவியர் வில்லியம் ஹோகார்த் பிரான்சின் கலே நகர வாசலை வரைந்துகொண்டிருந்தபோது உளவாளி என்று பிடிபட்டார். ஊர் திரும்பிய கோபத்தில் அவர் தீட்டிய ஓவியம் இப்போது லண்டன் டேட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு சமையல்காரர் மாபெரும் சர்லாயின் துண்டைத் தூக்க முடியாமல் தூக்கி வருகிறார். கொழுத்த பாதிரியார் ஒருவர் அதை விரலால் தொட்டு ஜொள்ளு விடுகிறார். சுற்றிலும் கூழ் குடிக்கும் ஒட்டிய வயிற்றுப் பிரெஞ்சு வீரர்கள். பிரெஞ்சுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலேயரைக் கேலியாக ‘ரோஸ்பிஃப்’ என்றே அழைத்தார்கள், இன்றும் அழைக்கிறார்கள்.

ஆனால் பழைய இங்கிலாந்தின் அந்த மாடு பல நேரம் இங்கிலாந்தில் பிறந்ததே இல்லை.

லண்டனின் ஸ்மித்ஃபீல்டு சந்தைக்கு மாடுகள் ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் வாரக்கணக்கில் நடந்தே வந்தன. கல்பாதையில் குளம்பு தேயாமலிருக்க மாட்டுக்கு லாடம் கட்டினார்கள். குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு, மாட்டுக்கு எட்டு லாடம். நடந்து இளைத்த ஸ்காட்லாந்து மாடுகள் நார்ஃபோக்கின் புல்வெளிகளில் சில மாதம் மேய்ந்து சதை பிடித்த பிறகே லண்டன் போயின. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆண்டுக்கு 40,000 ஸ்காட்லாந்து மாடுகள் கொழுப்பேறுவதாக எழுத்தாளர் டேனியல் டிஃபோ தன் பயண நூலில் கணக்குச் சொல்லியிருக்கிறார். மாட்டை ஓட்டிப் போனவர்கள் திரும்பும்போது கையில் பெரும்பணம். வழிப்பறி பயம் வேறு. அதனால் வேல்ஸில் லேண்டவரி என்ற ஊரில் டேவிட் ஜோன்ஸ் என்ற மாட்டு வியாபாரி 1799இல் வங்கியே தொடங்கினார். ரூபாய் நோட்டு மாதிரி அவர் வெளியிட்ட பணத்தாளில் கறுப்பு எருதின் படம். கறுப்பு எருது வங்கி என்றே பெயர் நிலைத்தது. பிறகு 1909இல் லாய்ட்ஸ் வங்கி அதை வாங்கிக்கொண்டது.

அயர்லாந்து மாட்டின் கதை இதற்கு நேர்மாறு. விலையில் தங்களை அடித்துவிடும் என்று ஆங்கில நிலக்கிழார்கள் அஞ்சினார்கள். 1667ஆம் ஆண்டின் சட்டம் அயர்லாந்து மாடு இங்கிலாந்துக்குள் வருவதைப் பொதுத் தொல்லை என்று வர்ணித்துத் தடை போட்டது. இன்று பிரிட்டனுக்குள் இறக்குமதியாகும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி அதே அயர்லாந்திலிருந்துதான் வருகிறது.

குளிர்பதனக் கப்பல் வந்ததும் வழி இன்னும் நீண்டது. 1880 தொடக்கத்தில் ஸ்ட்ராத்லெவன் என்ற கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைய வைத்த இறைச்சியைக் கெடாமல் லண்டனில் இறக்கியது. அதற்கு முன்பே அர்ஜென்டினாவின் புல்வெளிகளுக்கு ஆங்கிலேய இனக் காளைகள் போயிருந்தன. ஆங்கிலேய முதலீட்டில் ரயில் பாதையும் போட்டார்கள். கறி ஆங்கிலேய நிறுவனங்களின் கப்பலில் திரும்பி வந்தது. 1933இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ரோக்கா–ரன்சிமன் ஒப்பந்தத்தின்படி அர்ஜென்டினாவின் இறைச்சி ஏற்றுமதியில் 85 சதவீதம் அந்நிய நிறுவனங்களின் கைக்குப் போயிற்று. விவசாயிக்கு என்ன விலை கொடுக்கிறார்கள், எவ்வளவு லாபம் பார்க்கிறார்கள் என்று அந்நாட்டு செனட்டர் லிசாந்த்ரோ தெ லா தோரே விசாரணையைக் கிளப்பினார். ஆங்கிலேய நிறுவனம் ஒன்றின் கணக்குப் புத்தகங்கள் கப்பலில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை மறைத்து வைத்திருந்த பெட்டிகளின் மேல் கார்ன்ட் பீஃப் என்று எழுதியிருந்தது. 1935 ஜூலை 23 அன்று இதைப் பற்றிய விவாதம் சூடேறியபோது, செனட் மண்டபத்திலேயே துப்பாக்கி வெடித்தது. தெ லா தோரேயைக் காக்கக் குறுக்கே பாய்ந்த அவரது சகா என்ஸோ பொர்தபெஹெரே உயிரிழந்தார்.

லண்டனில் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறியை அரிந்து சாப்பிட்ட குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? தட்டில் அது இங்கிலாந்தின் ரோஸ்ட் பீஃப்.

எங்கிருந்து வந்த மாடு என்று பிரிட்டன் அக்கறையோடு கேட்கத் தொடங்கியதற்கு ஒரு கொள்ளைநோய் தேவைப்பட்டது. 1986 நவம்பரில் வேபிரிட்ஜ் கால்நடை ஆய்வுக்கூடத்தில், தள்ளாடி விழும் மாடுகளின் மூளை பஞ்சுபோல் துளைத்திருப்பதைக் கண்டார்கள். ‘மேட் கவ்’ என்று உலகம் பேசிய நோய் அதுதான். அறுத்த மாட்டின் மிச்சத்தை எலும்போடு அரைத்துத் தூளாக்கி, புரதம் கூட்டுவதற்காக மாட்டுத் தீவனத்திலேயே கலந்திருந்தார்கள். புல் தின்னும் பிராணிக்குத் தன் இனத்தையே தின்னக் கொடுத்ததில் நோய் பண்ணை பண்ணையாகப் பரவியது. 1988இல் அந்தத் தீவனத்துக்குத் தடை வந்தது. மனிதருக்கு ஆபத்தில்லை என்று அரசு சொல்லிக்கொண்டே இருந்தது. 1990இல் விவசாய அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்களுக்கு முன் தன் நான்கு வயது மகளுக்கு பர்கர் ஊட்ட முயன்றார்.

1996 மார்ச் 20 அன்று அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது: இளம் வயதினரின் மூளையைத் தின்னும் புதிய வகை நோய்க்கு இந்த மாட்டிறைச்சி காரணமாக இருக்கக்கூடும். ஒரே வாரத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டிஷ் மாட்டிறைச்சி ஏற்றுமதிக்கு உலகளாவிய தடை விதித்தது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்று எரித்தார்கள். பிரிட்டனில் 178 பேர் அந்த நோயால் இறந்தார்கள்.

ரோஸ்ட் பீஃபையும் அது விட்டுவைக்கவில்லை. எலும்பு மஜ்ஜையிலும் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் கிருமித்தன்மை இருக்கலாம் என்ற ஐயத்தில், 1997 டிசம்பரில் எலும்போடு மாட்டிறைச்சி விற்பதையே அரசு தடை செய்தது. பாட்டாகவும் படமாகவும் போற்றிய விலாக்கறி ரோஸ்ட், இரண்டு ஆண்டுகள் சட்டவிரோதப் பொருள். தடையை மீறி விருந்து வைத்த ஸ்காட்லாந்து விடுதிக்காரர் ஒருவர் நீதிமன்றப் படி ஏறினார்.

இன்று பச்சைக் கறிப் பாக்கெட்டில் இருக்கும் விவரமெல்லாம் அந்தப் பேரழிவிலிருந்து பிறந்தவை. பிரிட்டனில் பால் பண்ணையில் பிறக்கும் கன்றுக்கு 36 மணி நேரத்துக்குள் முதல் காது வில்லை மாட்ட வேண்டும். எந்தக் கன்றானாலும் 20 நாளுக்குள் இரண்டு காதிலும் வில்லை. 27 நாளுக்குள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம். பாஸ்போர்ட் என்பது அதன் அதிகாரபூர்வப் பெயரேதான். பண்ணை மாறினாலும் சந்தைக்குப் போனாலும் அரசுப் பதிவகத்துக்குத் தகவல் போக வேண்டும். பிறப்பும் வளர்ப்பும் பாக்கெட்டில் அச்சிடப்பட வேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2002இல் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய பிறகும் பிரிட்டன் அதைக் கைவிடவில்லை.

ஆக, தகவல் இல்லாததால் சாண்ட்விச்சில் ஊர்ப்பெயர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு மாடு பிறந்த நாளிலிருந்து அறுக்கப்படும் நாள் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். சமையலறை வாசலில் அந்த ஏடு மூடப்படுகிறது.

மூடிய இடத்தில்தான் மோசடியும் புகுகிறது. 2013 ஜனவரியில் அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் 27 மாட்டிறைச்சி பர்கர்களைச் சோதித்ததில் பத்தில் குதிரை டி.என்.ஏ. இருந்தது, ஒன்றில் இறைச்சியின் 29 சதவீதம் குதிரை. சில வாரங்களில் ஐரோப்பா முழுவதும் லசானியா, மீட்பால் என்று வரிசையாகச் சிக்கின. ருமேனியாவில் குதிரைக்கறி என்றே எழுதிக் கிளம்பிய சரக்கு, சைப்ரஸ், நெதர்லாந்து தரகர்களின் கணக்கு வழியே பிரான்சுக்குப் போய், அங்கிருந்து மாட்டிறைச்சியாக வெளியே வந்திருந்தது. பச்சைத் தொடைக்கறி பாக்கெட்டில் இது நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர்ப்பெயர் எழுதத் தேவையில்லாத பதப்படுத்திய உணவில்தான் நடந்தது.

ரோஸ்ட் பீஃபுக்கு இன்னும் நெருக்கமான சம்பவம் 2023 மார்ச்சில் வெளியே வந்தது. பிரிட்டிஷ் என்று லேபிள் ஒட்டி விற்ற துண்டு இறைச்சி உண்மையில் தென்னமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தது என்ற சந்தேகத்தில், ஒரு சப்ளையரை உணவுக் குற்றப் பிரிவு விசாரிப்பதாக உணவுத் தர முகமை அறிவித்தது. மாடு குடித்த நீரின் ஐசோடோப் அடையாளம் தசையில் பதிந்திருப்பதால், ஆய்வகத்தில் ஓரளவு ஊர் கண்டுபிடிக்கும் முறை இருக்கிறது. ஆனால் ஊரைச் சொல்ல வேண்டும் என்ற கடமையே இல்லாத பண்டத்தில் எதை வைத்து எதைச் சரிபார்ப்பது?

ஊர்ப்பெயரோடு நிற்கவும் கூடாது. பிரிட்டனில் கிடைக்கும் மாட்டிறைச்சியில் ஏறத்தாழ பாதி, பால் பண்ணைகளோடு தொடர்புடையது. பசு பால் கொடுக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் ஈன வேண்டும். ஈனும் கன்றில் பாதி காளைக்கன்று. ஹோல்ஸ்டீன் இனக் காளைக்கன்றில் சதைப்பற்று குறைவு என்பதால் பிறந்தவுடன் சுட்டுக் கொல்லும் வழக்கம் சில பண்ணைகளில் இருந்தது. மக்கள் முகம் சுளிக்கவே, இப்போது பண்ணைக்காரர்கள் சினை ஊசியிலேயே கணக்குப் போடுகிறார்கள். நல்ல கறவைப் பசுக்களுக்குக் கிடாரிக் கன்று மட்டும் பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து. மீதிப் பசுக்களுக்கு அபர்டீன் ஆங்கஸ், பிரிட்டிஷ் புளூ போன்ற கறி இனக் காளையின் விந்து. இந்தக் கலப்புக் கன்று இரண்டு வயதை ஒட்டி அறுப்புக்குப் போகிறது. பாக்கெட்டில் ‘அபர்டீன் ஆங்கஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட அப்பன் ஆங்கஸாக இருந்தால் போதும். தாய் கறுப்பு வெள்ளைக் கறவைப் பசுவாக இருக்கலாம்.

இதில் தவறொன்றும் இல்லை, சொல்லப்போனால் நல்லதே. ஜோசப் பூரும் தாமஸ் நெமெசெக்கும் 119 நாடுகளின் பண்ணைத் தரவுகளைத் தொகுத்து 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, பால் பண்ணை வழி வரும் ஒரு கிலோ மாட்டிறைச்சியின் பசுங்குடில் வாயு வெளியேற்றம், கறிக்கென்றே வளர்க்கும் மாட்டினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்படும் ஒருவருக்கு இது பெரிய வேறுபாடு. பால் மட்டும் குடித்து மாட்டிறைச்சியை ஒதுக்கும் ஒருவருக்கும் இந்தத் தகவல் சங்கடமானது, ஆனால் தேவையானது. லண்டன் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் தமிழ் வீடுகளில் காலைக் காபிக்குக் காயும் பாலும் பப்பின் ரோஸ்ட் பீஃபும் பல நேரம் ஒரே தொழிலின் இரண்டு கிளைகள். யார் என்ன முடிவெடுப்பது என்பது அவரவர் பாடு. முடிவெடுக்கத் தகவல் வேண்டும்.

இந்தக் கேள்வி இப்போது அவசரமாகியிருப்பதற்குக் காரணம் வணிக ஒப்பந்தங்கள். பிரிட்டன் தன் மாட்டிறைச்சித் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத்தான் தானே உற்பத்தி செய்கிறது. 2023 மே 31 அன்று அமலுக்கு வந்த ஒப்பந்தம், முதல் ஆண்டில் 35,000 டன் ஆஸ்திரேலிய மாட்டிறைச்சியைத் தீர்வையின்றி அனுமதித்தது. பத்தாம் ஆண்டில் அந்த அளவு 1,10,000 டன்னாக உயரும். 2025 மே மாதம் அமெரிக்காவுக்கும் 13,000 டன் ஒதுக்கினார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் பல பச்சைக் கறியில் பெரும்பாலும் பிரிட்டிஷ், ஐரிஷ் மாட்டையே விற்பதால், தூரதேசக் கறி போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் உணவகமும் உணவுத் தொழிற்சாலையும்தான். அதாவது, ஊர்ப்பெயர் கட்டாயமில்லாத இடம்.

வெளிநாட்டுக் கறி மட்டம், உள்நாட்டுக் கறி உசத்தி என்ற வாதம் இங்கே தேவையில்லை. ஆண்டு முழுவதும் புல்வெளியில் மேய்ந்த உருகுவே மாடு, கொட்டகையில் தானியம் தின்று வளர்ந்த பிரிட்டிஷ் மாட்டைவிட நன்றாக இருக்கலாம். அப்படியானால் உணவகம் அதைப் பெருமையாக எழுதி வைக்கட்டும். பிரிட்டிஷ் விவசாயச் சங்கங்கள் கொடி ஒட்டக் கேட்பது தங்கள் வியாபாரத்துக்காக. சாப்பிடுகிறவருக்கு வேண்டியது கொடியல்ல, உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரு வரி.

அந்த ஒரு வரியை எழுதுவது எப்படியென்று பக்கத்து நாட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆங்கிலேயரை ரோஸ்பிஃப் என்று கேலி செய்யும் பிரான்சில், மேட் கவ் பீதிக்குப் பிறகு 2002 டிசம்பரில் ஓர் அரசாணை வந்தது. எந்த உணவகமும் தான் பரிமாறும் மாட்டிறைச்சியின் நாட்டை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுத வேண்டும். பிறந்து வளர்ந்த நாடும் அறுத்த நாடும் வேறானால் இரண்டையும் எழுத வேண்டும். பாரிஸ் நகரின் சின்னச் சாப்பாட்டுக் கடையிலும் கரும்பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் அதை எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம். 2022 மார்ச் முதல் பன்றி, ஆடு, கோழிக்கும் விதியை நீட்டித்தார்கள். அயர்லாந்து உணவகங்களுக்கும் 2006 முதல் மாட்டிறைச்சியில் இந்தக் கடமை உண்டு. லண்டனிலிருந்து டப்ளினுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். அங்கே உள்ள உரிமை இங்கே ஏன் இல்லை?

சிறு பப்புகளுக்குச் செலவு கூடும் என்பது வழக்கமாக வரும் மறுப்பு. வாரத்துக்கு வாரம் சரக்கு வரும் இடம் மாறும், மெனு அட்டையை எத்தனை முறை அச்சடிப்பது என்கிறார்கள். கரும்பலகைக்கு அச்சுக்கூடம் தேவையில்லை. பச்சைக் கறி வந்திறங்கும் பெட்டியில் நாடு பற்றிய விவரங்கள் சட்டப்படி ஏற்கெனவே இருக்கின்றன. பெட்டியில் உள்ளதைப் பலகையில் எழுத எடுக்கும் நேரம் அரை நிமிடம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சங்கதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெந்த இறைச்சித் துண்டில் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் நீர் சேர்த்திருந்தால், துண்டு துணுக்குகளை ஒட்டி ஒரே துண்டுபோல் ஆக்கியிருந்தால், பாக்கெட்டில் பெயரோடு சேர்த்து அதைச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. தட்டில் பரிமாறும்போது அதையும் யாரும் சொல்வதில்லை.

பிரிட்டிஷ் அரசு 2024இல் உணவு லேபிள்களைச் சீராக்குவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டது. பிறப்பிட விவரத்தை இன்னும் பல உணவுகளுக்கு விரிக்கலாமா என்ற கேள்வி அதில் இருந்தது. கருத்துக் கேட்பு சட்டமாக மாற, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 250 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் உணவு நிறுவனங்கள், மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரி எழுத வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 6 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள நிறுவனங்களிலிருந்து தொடங்கலாம். பெரிய பப் சங்கிலிகளும் சாண்ட்விச் நிறுவனங்களும் முதல் ஆண்டில் நாட்டின் பெயரை எழுதட்டும். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி, மருத்துவமனைச் சமையலறைகளும் அதே ஆண்டில் சேரட்டும். சிறு கடைகளுக்கு இரண்டு மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்துக் கரும்பலகை போதும் என்று விட்டுவிடலாம். பால் பண்ணை வழி வந்த மாடா, கறிக்கென்று வளர்ந்த மாடா என்ற விவரத்தை அடுத்த கட்டத்தில் சேர்க்கலாம். ரோஸ்ட் பீஃபுக்கு எதிரே 850 கலோரி என்று அச்சிடத் தெரிந்த மெனுவில், அயர்லாந்து என்றோ ஆஸ்திரேலியா என்றோ இன்னொரு சொல் சேர்க்க இடமிருக்கிறது.